ஸ்பிரிங் பட்டையும் என் ராசியும்

ஓடிக்கொண்டிருக்கும் காரில் ஏதாவது ஒன்று ஒரு நாள் உடையத்தான் செய்யும். இது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை. ஆனால் அந்தக் காருக்குள் கல்யாணப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் மட்டும், உடைந்ததற்குக் காரணம் அவளுடைய ராசி என்று ஆகிவிடுகிறது. இந்த நியாயத்தை யார் கண்டுபிடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆள் கையில் கிடைத்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். எங்கள் ரப்பர் தோட்டம் பெம்பானிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. எங்கள் வீட்டு வரிசைகளான லயங்களைச் சுற்றி முள்ளுக்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்து எங்களை உள்ளே அடைத்திருந்தார்கள். காலையில் ஊரடங்கு முடிந்து கேட் திறந்தால்தான் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுக்க, போக முடியும். போகும்போது அரிசியோ சோறோ கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு அது போய்ச் சேர்ந்துவிடுமாம். கேட்டில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். பால் எடுத்துத் திரும்பும்வரை வெறும் வயிறுதான். அப்பா காய்ச்சலில் போன பிறகு, அம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரைகளில் மரம் வெட்டிக்கொண்டிருந்தோம்.

எனக்குப் புலாவ் செபாங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. வேலிக்கு வெளியே வீடு. இதைவிட என்ன வேண்டும்? ஆனால் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழு மனசு இல்லை. என் நட்சத்திரம் பூராடம். பூராடத்துப் பெண்ணுக்குத் தாலி நிலைக்காது என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். பிள்ளை பிடிவாதம் பிடித்ததால் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளும்போதே தரகரிடம், "சகுனத்துல ஒரு சின்னக் குறை தெரிஞ்சாலும் நான் எம்மவன மணையிலேருந்து எழுப்பிருவேன், சொல்லிட்டேன்" என்று கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். மணமேடை வரை போய்த் திரும்பி வந்தவளை அப்புறம் எந்தத் தோட்டத்தில் யார் கேட்டு வருவார்கள்? அம்மா அந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் பக்கத்துக்குப் பெரிய ஆள் என்று இருந்தது தாய்மாமன் ஒருவர்தான். அம்மாவுக்குத் தம்பி. ஜாசினில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். உலகச் சண்டைக்கு முந்திய காலத்துக் கார் அது. ஜப்பான்காரன் காலத்தில் எங்கோ மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்ததை வாங்கி, துடைத்து மினுக்கி, முன்னால் ஒரு பிளாஸ்டிக் மணிமாலையும் தொங்கவிட்டிருந்தார். அந்தக் காரைப் பற்றி யாரும் ஒரு சொல் குறைவாகச் சொல்லிவிடக் கூடாது. மனுஷனுக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்துவிடும். "எஞ்சினு இங்கிலாந்து எஞ்சினு, பாடி இங்கிலாந்து பாடி. இந்த மலாக்காவுல இதுக்கு ஈடு இல்ல லா" என்பார். எங்கள் லயத்துக்கு அந்தக் கார் வந்து நின்றால் அம்மாவின் முகத்தில் ஒரு தனிப் பெருமை வரும். அதையும் சொல்ல வேண்டும்.

கல்யாணத்தன்று கேட் திறந்ததும் கிளம்பினோம். முன்னால் மாமா. பின்னால் அம்மா, நான், எங்களுக்கு நடுவில் குத்துவிளக்கும் சேலைப் பெட்டியும். மற்ற சொந்தக்காரர்கள் முதல்நாளே லாரியில் போய்விட்டார்கள். பத்தரைக்குள் தாலி ஏற வேண்டும். கேட்டில் இருந்த பெண் போலீஸ் என் கொண்டைக்குள்ளேகூட விரலை விட்டுத் தேடிவிட்டு, பூ கசங்கியதற்கு ஒரு சிரிப்பு சிரித்து அனுப்பினாள்.

தோட்டத்துச் செம்மண் சாலை மழையில் அரித்துக் குழி குழியாகக் கிடந்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஒரு காவல் சாவடி. பாலத்து முனையில் ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கியது. 'படார்' என்று ஒரு சத்தம். அசல் துப்பாக்கிச் சத்தம்தான். சாவடியில் நின்ற மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் அப்படியே மண்ணில் குப்புற விழுந்து எங்களைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டினார்கள். "துருன்! துருன்!" என்று ஒருவன் கத்தினான். இறங்கினோம். மூன்று பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். பட்டுச்சேலையும் மாலையுமாக, மருதாணிக் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கல்யாணப் பெண் நின்ற கோலத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வருகிறது.

சுட்டது யாரும் இல்லை, உடைந்தது கார்தான் என்று தெரிந்ததும் அவர்களே சிரித்துவிட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கார் இடதுபக்கம் பின்னால் தணிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் புதைந்து நின்றது. கார்ப்பரல் அதைப் பார்த்தான். ஒரு பக்கம் இப்படித் தணிந்திருந்தால் உள்ளே பாரம் இருக்க வேண்டும். பாரம் என்றால் அரிசி. "பெராஸ் மானா?" என்று மாமாவின் சட்டையைப் பிடித்தான். அரிசி எங்கே, அரிசி எங்கே என்று இதே கேள்விதான். பெட்டியை இறக்கி என் சேலைகளை ஒவ்வொன்றாக உதறினார்கள். சீட்டைக் கழற்றினார்கள். கதவுக்குள் கம்பி விட்டுக் குத்தினார்கள். எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் கார் தணிந்தபடியே நின்றது. அதற்கு அவன் சந்தேகம் குறைய வேண்டுமா இல்லையா? கூடியது. அடித்தகட்டுக்குள் ஏதோ ஒளித்துவைத்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டான். கடைசியில் மாமா காருக்கு அடியில் படுத்து, அவனையும் படுக்கவைத்து, ஸ்பிரிங்கைக் காட்ட வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்துக் கார்களுக்கு ஸ்பிரிங் என்றால் நீளமான இரும்புப் பட்டைகள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் இறுக்கியிருக்கும். மேலே நீளமானது, கீழே போகப் போகக் குட்டையானது. அதில் இரண்டாவது பட்டை நடுவில் உடைந்து ஒரு பாதி தொங்கிக்கொண்டிருந்தது. கார்ப்பரல் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, போங்கள் என்று கையை ஆட்டினான். மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை இல்லை. வாரிப்போட்ட சேலைகளை நாங்கள்தான் மடித்துவைத்தோம்.

மாமா ரப்பர் மரக் கட்டை ஒன்றை வெட்டி, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் அடைகொடுத்து, கயிற்றால் வரிந்து கட்டினார். அதில் குறை சொல்ல மாட்டேன். கை வேலைக்காரர்தான். தொங்கிய பாதிப் பட்டையை உருவி எடுத்து, பார்க்காமலேயே சாலையோரச் சாக்கடைக் கானுக்குள் வீசினார். அது தண்ணீரில் விழாமல் கரையில் விழுந்தது. நான் சும்மாதான் எட்டிப் பார்த்தேன். உடைந்த முகத்தில் ஓரமாக ஒரு கீற்று மட்டும் வெள்ளையாக மின்னியது. மற்றதெல்லாம் கறுத்து, துருப்பிடித்துப் போயிருந்தது. மரம் வெட்டுகிறவளுக்கு இதற்கு மேல் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பால் வெட்டுகிற உளியில் கீறல் விழுந்தால் அந்தக் கீறலுக்குள் ரப்பர் பாலும் மழைத் தண்ணீரும் இறங்கிக் கறுத்துவிடும். ஒரு நாள் மிச்சமிருக்கிற இடமும் விட்டு உளி இரண்டாகும். அப்போது பார்த்தால் பழைய உடைசல் கறுப்பாகவும் புது உடைசல் வெள்ளையாகவும் தனித்தனியாகத் தெரியும். இந்தப் பட்டை இன்றைக்கு உடைந்ததல்ல. மாதக்கணக்காக வெடித்துக் கிடந்தது. அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்த சைக்கிள் டியூப் துண்டு ஒன்றும் கண்ணில் பட்டது. யாரோ அந்த வெடிப்பைச் சுற்றிக் கட்டி மறைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. அந்தக் காரை மாமாவைத் தவிர யாரும் தொட முடியாது.

அப்போதும் எனக்குப் பெரிய கோபமில்லை. பழைய கார், உதவிக்கு வந்த மனுஷன், வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்றுதான் ஏறப் போனேன். ஆனால் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "இத்தன வருசம் கல்லாட்டம் ஓடுன வண்டி, அக்கா. இவ காலெடுத்து வச்சா, போச்சி. என்னா ராசியோ என்னாமோ."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் திரும்பிப் போய் அந்தப் பட்டைத் துண்டை எடுத்து, முகம் துடைக்கிற துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"சனியன அங்கியே போடு, நல்ல நாளும் அதுவுமா" என்றார் மாமா. நான் போடவில்லை.

கட்டைமேல் கார் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். குலுக்கிய குலுக்கில் குடல் வாய்க்கு வந்துவிடும் போலிருந்தது. வழியில் எந்தச் சாவடி வந்தாலும் தணிந்து போகிற காரைப் பார்த்து நிறுத்தினார்கள். இறங்கு, சீட்டைத் தூக்கு, பெட்டியைத் திற, அரிசி எங்கே. ஜாசின் பாசார் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் மாமாவுக்குத் தெரிந்தவர்கள் கூடி, காருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நான் பின்னால் உட்கார்ந்திருப்பது தெரிந்தே, "கல்யாணப் பொண்ணு ஏறுனா லா, ஏறுன ஒடனே பட்டை படார்னு போச்சி" என்றார். அவர்கள் உள்ளே எட்டி என்னைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் உச்சுக்கொட்டினார். அந்த உச்சுக்கொட்டல் எனக்கா காருக்கா என்று தெரியவில்லை. தன் காருக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு மனுஷன் அக்காள் மகளைத் தெருவில் வைத்து விலை பேசுவானா? பேசினார்.

புலாவ் செபாங் கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. மேளக்காரர்கள் வாசித்து வாசித்து ஓய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை மணையில் இருந்தார். அவருடைய அம்மா வாசலிலேயே நின்று, கயிறும் கட்டையுமாக ஒரு பக்கம் சாய்ந்து வந்த காரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னாங்க இது?"

மாமா இறங்கினார். தடம் கெட்டுப் போச்சு, சாவடியில் நிறுத்திவிட்டான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். எல்லாமே உண்மை. அதையெல்லாம் விட்டுவிட்டு, சேர்ந்து நின்ற ஆண்பிள்ளைகளின் முகங்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, "வண்டில ஒரு குறையும் இல்லீங்க. நேத்து வரைக்கும் கல்லு. பொண்ணு ஏறி ஒக்காந்துதான் ஒடைஞ்சிச்சி" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா அவ்வளவு நாளாக எதற்குக் காத்திருந்தாரோ அது வந்துவிட்டது. முகம் இறுகிப்போயிற்று. "நான் அன்னிக்கே சொன்னேன். பூராடம் வேணாம்னு சொன்னேன். தம்பி, எழுந்திரு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

மாப்பிள்ளை எழவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஏதாச்சும் சொல்லலாம்னுதான் நெனைச்சேன்" என்று பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னார். நினைத்தாராம்! அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது அவர் நினைப்பா?

எனக்கு அழுகை வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. காரிலிருந்து கையோடு கொண்டுவந்த துண்டைப் பிரித்து, அந்த இரும்பை எடுத்து மாப்பிள்ளையின் அம்மா முன்னால் நீட்டினேன். என் பட்டுச்சேலையெல்லாம் துருவும் கிரீஸும்.

"இதப் பாருங்க அத்தை. இந்த ஓரம் மட்டுந்தான் இன்னிக்கு ஒடைஞ்சது. மத்ததெல்லாம் பழைய வெடிப்பு, துரு ஏறிக் கெடக்கு. ஒரு காலையில இவ்ளோ துரு ஏறுமா? டியூப்பு வச்சிக் கட்டியிருக்காங்க, இதோ அதுவும் இருக்கு."

கோயில் வாசலில் சலசலப்பு எழுந்தது. கல்யாணப் பெண்ணுக்கு இவ்வளவு வாயா என்று ஒரு குரல். மாலையும் கழுத்துமாக நின்று இரும்பைக் காட்டிப் பேசுகிறாளே என்று இன்னொரு குரல். இரும்பை ஒருவரும் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்தார்கள். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் தோட்டத்தில் மரம் வெட்டியவர்தான் என்பது பிற்பாடு எனக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்துவிட்டு மாமாவிடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. இது முன்னாடியே வெடிச்சிருந்ததா, இன்னிக்குத்தானா?"

ஒரு வார்த்தை. ஆமாம் என்றால் போதும். காருக்கு வாடகைச் சவாரி கொஞ்ச நாள் குறைந்திருக்கும், பட்டையை மாற்றினால் அதுவும் திரும்பி வந்திருக்கும். ஓர் இரும்புத் துண்டுக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவில் நின்றுகொண்டு மாமா சாமி சன்னிதியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இன்னிக்குத்தாங்க. சாமி சத்தியமா."

இப்போது எழுதும்போதும் பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

அம்மா அதுவரை கோயிலுக்கு வெளியே, தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். தாலியறுத்தவள் கல்யாணப் பந்தலுக்கு முன்னால் வரக் கூடாது என்பது வழக்கம். பெற்ற மகள் கல்யாணமாக இருந்தாலும் வரக் கூடாது. எங்கள் வீட்டில் எந்த நல்லது கெட்டதிலும் அம்மா வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அதிலும் தம்பி பேச்சுக்கு மறுபேச்சு அவளிடம் கிடையாது. பிறந்த வீடு என்று இந்த மலாயாவில் அவளுக்கு இருந்தது அந்தத் தம்பி ஒருவர்தான். அந்த அம்மா வெள்ளைச் சேலையோடு தூணைத் தாண்டி, எல்லாருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"பொய்ச் சத்தியம் பண்ணாத தம்பி. திருவிழாவுக்கு முன்னாடியே அது வெடிச்சிருச்சி. லயத்து வாசல்ல வண்டிய நிறுத்தி, நான்தான் டியூப்ப இழுத்துப் புடிச்சேன், நீ சுத்துன. யாருக்கும் தெரிய வேணாம் அக்கா, சவாரி வராதுன்னு சொன்ன. நானும் யாருகிட்டயும் சொல்லல. இன்னிக்குச் சொல்றேன். எம்மவ என்னாடா பண்ணுனா?"

மாமாவின் முகத்தை நான் பார்த்தேன். அக்காளை அவர் பார்த்த பார்வையில் வெட்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. நடுச்சபையில் தன் மானத்தை வாங்கிவிட்டாளே என்ற ஆத்திரம்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தார். "பட்டை ஒடைஞ்சா பொண்ணு என்னா செய்வா? நேரம் ஓடுது, மேளத்தக் கொட்டச் சொல்லுங்க லா" என்றார். அவ்வளவுதான். கொஞ்சம் முன்னால் தன் மகனை எழுந்திரு என்று கூப்பிட்டவர் இவர்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. உள்ளே போகும்போது என் அம்மாவின் கையைப் பிடித்துக் கூடவே அழைத்துக்கொண்டு போனார். அந்த ஒன்றுக்காக அவருடைய மற்ற எல்லாப் பேச்சையும் நான் பின்னால் பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொள்ள நிறையவே இருந்தது.

தாலி ஏறியது. தாய்மாமன் செய்ய வேண்டிய சடங்கை மாமா செய்தார். கிரீஸ் கையாலேயே மாலையை எடுத்துக்கொடுத்தார். முறை தவறினார் என்று நாளைக்கு ஒருவர் சொல்லிவிடக் கூடாது அல்லவா. சாப்பாட்டுக்கு உட்காரச் சொன்னார்கள். கை நனைக்காமல் எழுந்து போய்க் காரை எடுத்தார். அம்மா பின்னாலேயே ஓடினாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மா தீபாவளிக்கு ஆள் அனுப்பினாள். பொங்கலுக்கு அனுப்பினாள். தப்பு தன்னுடையது மாதிரி, மன்னிச்சிக்கச் சொல்லு என்றும் சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்டபோது நான் அம்மாவோடு சண்டை போட்டேன். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? "ஒனக்கு என்னா தெரியும், எனக்கு இருக்குறது அவன் ஒருத்தன்தான்" என்றாள். அவர் சொல்லி அனுப்பிய பதில், "எனக்கு அக்கா செத்துப் போச்சின்னு சொல்லு."

வேலியெல்லாம் பிரித்து எடுத்து, ஊரடங்கு எல்லாம் முடிந்துபோன பிறகு ஒரு மழைக்காலத்தில் அம்மா நிஜமாகவே போய்விட்டாள். குளிப்பாட்டி, திருநீறு பூசி, வாசலில் கிடத்திவிட்டார்கள். ஆனால் தூக்கவில்லை. எங்கள் வழக்கத்தில், செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்தாக வேண்டும். உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்தின பிறகுதான் பாடையில் வைப்பார்கள். ஜாசினுக்கு ஆள் போனது. மாமா வீட்டில்தான் இருந்தார். நல்ல ஆரோக்கியமாக இருந்தார். போனவன் வெறுங்கையோடு திரும்பி வந்து வாசலில் நின்றான். இன்னொரு தடவை அனுப்பிப் பார்ப்போம் என்றார்கள் பெரியவர்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் முகத்தில் ஈ உட்கார ஆரம்பித்துவிட்டது.

நான் உள்ளே போய், இன்னும் கட்டாத சேலை ஒன்றை எடுத்துவந்து பிரித்தேன். மகள் கொடுப்பது பிறந்த வீட்டுக் கோடி ஆகாது என்று ஒருவர் தடுத்தார். நான் அவர் கையை விலக்கிவிட்டு அம்மாவுக்குப் போர்த்தினேன்.

"எங்கம்மாவுக்குப் பொறந்த வீடு கெடையாது. என் கல்யாணத்தன்னிக்கே போச்சி. தூக்குங்க" என்றேன்.